வளையத்தில் நின்ற சங்கு

(தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு வளையத்தைப் பற்றிச் சொல்லி என் பேச்சைத் தொடங்குகிறேன். இந்த ஊரில் சங்கு குளித்த குடும்பங்களுக்கு அது தெரிந்திருக்கும். சங்கு எடுப்பது அரசின் தனியுரிமையாக இருந்த காலத்தில், குளியாளிகள் கொண்டுவரும் சங்கை ஒரு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். வளையத்தின் உள்விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57 மில்லிமீட்டர். சங்கு வளையத்தில் சிக்கி நின்றால் அதற்கு விலை உண்டு. நழுவி விழுந்தால் அது இளஞ்சங்கு. உயிரோடு மறுபடியும் கடலுக்குப் போய்விட வேண்டும்.

எங்கள் தெருவில் சங்கு குளித்த தாத்தா ஒருவர் இருந்தார். காது மந்தமானவர். ஆழத்துக்குப் போய்வந்த காதுகள் அப்படித்தான் ஆகும். விரலை மடக்கி அந்த வளையத்தின் அளவை எங்களுக்குக் காட்டுவார். “நின்னது இந்த வருசத்துச் சோறு, விழுந்தது வாற வருசத்துச் சோறு” என்பார். இவ்வளவுதான் அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த கடல் பாடம். வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு இந்தக் கடலிலிருந்துதான் சங்கு போனது. ஆயிரக்கணக்கான கைகளில் வளையல் ஏற, இங்கே ஒரு வளையம் காவல் காத்தது.

இன்று பசுமைத் துறைமுகம், பசுமை எரிபொருள், வளங்குன்றா மீன்பிடிப்பு என்று பல சொற்கள் நம் கரைக்கு வந்திருக்கின்றன. அவற்றை வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சொற்களை எல்லாம் நம் வளையத்தில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.

காத்திருக்கத் தெரிந்த தொழில்

சங்குக்கு வளையம் என்றால், முத்துக்குக் காத்திருப்பு. சலாபம் எனும் முத்துக்குளிப்புப் பருவம் நினைத்த ஆண்டில் நடக்காது. முதலில் பார்கள் எனும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார்த்துவரப் படகு போகும். மாதிரிக்குச் சிப்பிகளை அள்ளிவந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை எடைபோட்டு மதிப்பிடுவார்கள். முத்து தேறவில்லை என்றால் அந்த ஆண்டு சலாபம் இல்லை. சிப்பி முற்ற நாலைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை கரை காத்திருக்கும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். கொற்கைப் பகுதியின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று கிரேக்கப் பயண நூலான பெரிப்ளூஸ் சொல்கிறது. பின்னால் வந்த போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோருமே முத்தின் லாபத்தைத் தங்கள் கருவூலத்துக்குக் கொண்டுபோனார்கள். மூச்சை அடக்கியவனுக்குக் கிடைத்தது சிறு பங்கு. அந்த அநீதியை மறைக்க வேண்டியதில்லை. அளவு பார்த்து இறங்குவது என்ற அறிவு மட்டும் அதற்குள்ளும் உயிரோடு இருந்தது. அதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1955 முதல் 1961 வரை இந்தக் கரையில் சலாபம் நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. 1973இல் மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி, பக்கத்தில் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். அறிவியல் வென்றது. ஆனால் முத்துநகர் என்று பெயர் வாங்கிய ஊரில் இயற்கை முத்துக்கு இறங்கும் பருவம் ஒரு தலைமுறையின் நினைவோடு முடிந்துபோனது. ஒரு தொழில் நம் கண்ணெதிரே இல்லாமல் போகும் என்பதற்கு நாம் வேறு ஊருக்குப் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை.

இரவு ஒன்பது மணி

விசைப்படகு வந்த கதை உங்களுக்குத் தெரியும். லாஞ்சு எனும் விசைப்படகுக்கும் வள்ளம் எனும் நாட்டுப்படகுக்கும் இடையே மூண்ட பகையை 1977இல் வந்த வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவல் பதிவு செய்தது. கரையில் ரத்தம் சிந்திய பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று ஒதுக்கப்பட்டது. விசைப்படகு விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று தூத்துக்குடியில் ஒழுங்கு ஏற்பட்டது.

அந்த இரவு ஒன்பது மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைகின்றன. விளக்கு வெளிச்சத்தில் ஏலக் குரல் கேட்கிறது. கணவாய் ஒரு பக்கம், இறால் ஒரு பக்கம், விளைமீன், பாரை, சீலா தனித்தனிக் கூடைகளில். அதெல்லாம் போன பிறகு கடைசியில் கொட்டுவார்களே, அந்தக் குவியலைப் பாருங்கள். சங்காயம் என்று நாம் சொல்லும் குவியல். கைவிட்டுக் கிளறினால் விரல் நீளம்கூட வளராத காரல், கொண்டை ஊசி அளவு ஊளிக் குஞ்சு, கண் திறந்தபடி கிடக்கும் கணவாய்க் குஞ்சு, கால் ஒடிந்த நண்டுப் பிஞ்சு எல்லாம் இருக்கும். கூடை கூடையாக அள்ளி லாரியில் ஏற்றுவார்கள். அது மீன்தூளாகும், கோழித் தீவனமாகும்.

தாத்தாவின் கணக்கில் அந்தக் குவியல் என்ன? வாற வருசத்துச் சோறு. அதை இந்த வருசமே கிலோ சில்லறை ரூபாய்க்கு விற்கிறோம்.

இதற்காகப் படகுக்கார அண்ணன்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீசல் போட வேண்டும், ஐஸ் வாங்க வேண்டும், படகில் ஏறியவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். வெறுங்கூடையோடு திரும்ப முடியாத படகு சங்காயத்தையும் அள்ளத்தான் செய்யும். ஆனால் வலைக்கண்தான் இழுவைமடிக்கு வளையம். அந்தக் கண்ணைச் சுருக்கிவிட்டால் வளையத்தை உடைத்துக் கடலில் எறிந்ததாகத்தான் பொருள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்கு ஓய்வு தருகிறோம். மீன் முட்டையிடட்டும், குஞ்சு பொரிக்கட்டும் என்று அடுப்பு எரியாத நாட்களையும் பொறுத்துக்கொள்கிறோம். அப்படிப் பொறுத்துப் பிறக்கவைத்த குஞ்சை, தடை முடிந்த மறுநாளே சுருக்கிய கண்ணால் வழித்து எடுத்தால், பட்ட பட்டினிக்கு என்ன பலன்?

மூழ்கிய தீவு

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே நம் கடலில் 21 தீவுகள் உண்டு. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் மன்னார் வளைகுடா 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இவை ஏட்டுக் கணக்கு. நம் ஊருக்கு எதிரே வான்தீவு, காசுவாரி, காரியாச்சல்லி, விலங்குச்சல்லி என்று நாலு தீவுகளைச் சொல்வோம். அதில் விலங்குச்சல்லி இன்று நீருக்கு மேலே இல்லை.

அது எப்படிப் போனது? தீவைத் தாங்கி நின்ற பவளப்பாறையை நாம் கல்லாக வெட்டினோம். சுண்ணாம்புக்கு வெட்டினோம், கட்டடத்துக்கு வெட்டினோம், ஆலைக்கு வெட்டினோம். படகு படகாகக் கரை சேர்த்தோம். பல்லாயிரம் ஆண்டு வளர்ந்த பாறையைக் கடப்பாரையால் பெயர்க்க ஒரு பகல் போதும். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. மண் கரைந்தது, தீவு தாழ்ந்தது.

2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நமக்கும் ஆழக்கடலுக்கும் நடுவே எது நிற்கிறது என்று அன்றைக்குத்தான் கரையில் பலரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டோடு பவளம் வெட்டுவது நின்றது. சட்டம் கதவைத் தட்டியது, கடல் கதவைத் திறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. நம் ஊரிலேயே இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், உடைந்த பவளக் கிளைகளை எடுத்துத் தளம் கட்டி நட்டு வளர்த்தது. தேய்ந்துகொண்டிருந்த வான்தீவைச் சுற்றித் துளையிட்ட கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் கடலடியில் இறக்கினார்கள். அலை அவற்றில் மோதி வேகம் இழக்கிறது. துளைகளில் மீன் ஒதுங்குகிறது. மேற்பரப்பில் பவளம் ஒட்டி வளர்கிறது. நாம் கடப்பாரையால் எடுத்ததைக் கிரேனால் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். எடுக்க ஆன செலவையும் திருப்பி வைக்க ஆகும் செலவையும் நம் பிள்ளைகள் பள்ளியில் கணக்காகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே கடல் சூடாகிறது. 2010இலும் 2016இலும் நம் பவளங்கள் வெளிறி, பெரும் பரப்பில் மடிந்தன. கடப்பாரையை நிறுத்துவது நம் கையில் இருந்தது. கடலின் சூட்டைக் குறைப்பது உலகத்தின் கையில் இருக்கிறது. உலகத்தில் நாமும் ஒரு கை. அதனால்தான் துறைமுகத்துக்கு வருகிறேன்.

பாயும் புகையும்

தூத்துக்குடித் தோணி காற்றால் ஓடியது. இந்த ஊர் ஓடாவிகள் கையால் கட்டிய மரக்கலம், பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனது. ஜோ டி குருஸ் எழுதிய ‘கொற்கை’ நாவலில் அந்தத் தோணிகளின் வாழ்வைப் படிக்கலாம். 1906இல் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கிக் கொழும்புக்கு நீராவிக் கப்பல் விட்டார். கடல் வழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இந்தக் கரையிலிருந்து கேட்டவர் அவர். 1974இல் நம் துறைமுகம் பெருந்துறைமுகமானது. 2011இல் அவர் பெயரையே ஏற்றது. பாயிலிருந்து நிலக்கரிக்கு, நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு என்று வந்த பயணத்தில் நாம் வேகத்தையும் பாரத்தையும் பெற்றோம், கூடவே புகையையும் வாங்கிக்கொண்டோம். உலகம் வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல் போக்குவரத்தால் வருகிறது. 2050ஐ ஒட்டி அதை நிகர பூஜ்யத்துக்குக் கொண்டுவருவோம் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது.

இந்த மாற்றத்தில் நம் துறைமுகம் முன்வரிசையில் நிற்கிறது. 2025 செப்டம்பரில் இங்கே பசுமை ஹைட்ரஜன் தயாரிக்கும் முன்னோட்ட ஆலை இயங்கத் தொடங்கியது. வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தி ஹைட்ரஜனைப் பிரிப்பதுதான் இதன் வேலை. மணிக்கு 10 கன மீட்டர் கிடைக்கிறது. எடையில் அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் செய்யவும் அது போதும். சிறு தொடக்கம்தான். ஆனாலும் நல்ல தொடக்கம். காண்ட்லாவிலிருந்து தூத்துக்குடி வரை பசுமைக் கப்பல் வழி அமைக்கவும், இங்கே கப்பலுக்குப் பசுமை மெத்தனால் நிரப்ப 750 கன மீட்டர் கொள்ளளவில் வசதி செய்யவும் வேலை தொடங்கியிருக்கிறது. இதைச் செய்யும் பொறியாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். வ.உ.சி. பெயர் தாங்கிய துறைமுகம் புதிய எரிபொருளுக்கு வழிகாட்டுவது நமக்குப் பெருமை.

இப்போது வளையத்தை எடுக்கிறேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். முன்னோட்ட ஆலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாளைக்குப் பெரிய ஆலைகள் வரும்போது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்? தாமிரபரணியை ஏற்கெனவே வயலும் ஊரும் ஆலையும் பங்கு கேட்கின்றன. கடல்நீரை நன்னீராக்கினால், மிஞ்சும் கடும் உப்புநீர் எங்கே போகும்? ஆழமில்லாத வளைகுடா இது. கடற்புல்லும் பவளமும் வாழும் இடத்தில் அதை விட்டால், புகையைக் குறைத்த கையாலேயே பாரைக் கொன்றதாகிவிடும். வெளித்துறைமுக விரிவாக்கத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஆழப்படுத்தத் தோண்டும்போது கிளம்பும் சேறு எந்த நீரோட்டத்தில் எந்தத் தீவுப் பக்கம் போகும் என்பது நம் மீனவனுக்குத் தெரியும். வாடைக் காலத்து ஓட்டம் வேறு, கச்சான் காலத்து ஓட்டம் வேறு. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்ட பிறகு தோண்டினால், அந்தத் துறைமுகத்தைப் பசுமைத் துறைமுகம் என்று நானும் கூரையேறிச் சொல்வேன்.

இன்னொன்று. 2023இல் ஒரு பெரிய சரக்குக் கப்பல் சீனாவிலிருந்து பிரேசிலுக்குப் போனது. அதன் பெயர் பிக்சிஸ் ஓஷன். எண்ணெய்ச் செலவைக் குறைக்க அதன் தளத்தில் இரும்பும் கண்ணாடி இழையும் கொண்டு செய்த மாபெரும் இறக்கைகளை நிறுத்தியிருந்தார்கள். உலகம் மறுபடியும் காற்றைத் தேடி வருகிறது. காற்றை வாசித்துக் கலம் கட்டிய ஓடாவியின் மகன் இங்கே இன்னும் இருக்கிறார். அவர் கையில் இருக்கும் அறிவைப் பொறியியல் கல்லூரியின் வகுப்பறைக்குள் ஒரு தலைமுறை முடிவதற்குள் அழைத்துவர வேண்டும்.

பன்னிரண்டு நாள்

பசுமை என்ற பெயரோடு வருவதெல்லாம் நமக்கு நன்மை செய்துவிடாது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி 1990களில் மண்டபத்துக்கு வந்தது. பெண்களுக்குத் தொழில் தரும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். தொழிலும் கிடைத்தது. ஆனால் 2008இல் அது குருசடைத் தீவின் பவளங்கள் மேல் போர்வைபோலப் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். பாக் நீரிணைப் பகுதியில் 2017இல் வந்த ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். இழுவைமடியை விட்டுத் தூண்டிலுக்கு மாறினால் 70 சதவீதம் மானியம் என்றார்கள். நோக்கம் உயர்ந்தது. ஆனால் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு மிச்சக் கடனைக் கட்டத் திணறும் குடும்பங்களும் உண்டு. ஆழ்கடல் தூண்டில் பழக்கம், ஐஸ், சந்தை, விலை ஆகிய எல்லாம் சேர்ந்து வராமல் படகு மட்டும் வந்தால் மாற்றம் நடுக்கடலில் நின்றுவிடும்.

இதற்கு நேர் எதிராக ஓர் உதாரணம். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் இயற்கைக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, கழுத்தளவு நீரில் மூழ்கி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். பாசி அருகிவருவதைக் கண்டு அவர்களே கூடிப் பேசினார்கள். மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் இறங்குவது, பாசியைச் சுரண்டி எடுக்கும் இரும்புக் கருவியை விட்டுக் கையால் பறிப்பது என்று முடிவு செய்தார்கள். எந்த அமைச்சகமும் ஆணை போடவில்லை. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீக்காலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது.

அந்தப் பன்னிரண்டு நாள் என்பது என்ன? அதுவும் ஒரு வளையம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எங்கள் தெருத் தாத்தா காலத்தில் வளையம் அதிகாரியின் கையில் இருந்தது, குளியாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சின்னப்பாலத்தில் கடலில் இறங்கும் பெண்ணே வளையத்தையும் கையில் வைத்திருக்கிறார். அதனால்தான் அதை யாரும் உடைக்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். படகுச் சங்கங்களும் நாட்டுப்படகுக்காரர்களும் ஒரே பலகையில் உட்கார்ந்து வலைக்கண் அளவை முடிவு செய்யட்டும். சங்காயத்தை வாங்கும் விலையைவிட, குஞ்சைக் கடலில் விட்டு வளர்த்த மீனுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் வழியை அரசு செய்யட்டும். துறைமுகமும் ஆலைகளும் அளக்கும் கடல்நீரின் சூடு, உப்பு, சேறு ஆகியவற்றை மாதந்தோறும் மீன்பிடித் துறைமுகத்தின் பலகையில் தமிழில் எழுதிப் போடட்டும். எழுதிப் போட்டால் படிக்க ஆள் இருக்கிறது. படித்துவிட்டுக் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கிறது.

தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வாழ்நாளில் எத்தனை சங்கு எடுத்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் வளையத்திலிருந்து விழுந்த சங்குகளைப் படகு ஓரத்தில் குனிந்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் விட்டதைச் சொல்வார். தூக்கி எறியக் கூடாதாம். எறிந்தால் அடிபடுமாம். அப்படிக் குனிந்து விடும் கை நமக்கும் வேண்டும்.